பின் இரண்டு பெஞ்சுகளுக்கு

மூன்று மணி ஆராதனை.
காலையில் நாங்கள் பாடி முடித்த அதே கீழ்ப்பாக்கம் கோயில்.
காலையில் குவியலாய்க் கிடந்த செருப்புகள்
இப்போது ஜோடி ஜோடியாக,
மூக்கு வாசலைப் பார்த்து.

கொரிய மொழியைத் தமிழாக்க உட்கார்ந்திருக்கிறேன்
பின் இரண்டு பெஞ்சுகளுக்கு மட்டும்.
நான்கு டிரைவர்கள், சமையலுக்குப் போகும் ரூபாவதி,
இருங்காட்டுக்கோட்டையில் இரவு ஷிஃப்ட் முடித்து
தூங்கித் தூங்கி விழும் ஒரு வெல்டர்.
மொழிபெயர்ப்பவளுக்குச் சொந்த வாக்கியம் கிடையாது.

சியோலிலிருந்து வந்தவர் திரையில் வரைபடம் காட்டினார்.
மலாவி. ஏரிக்கரையில் ஒரு பள்ளி, ஒரு மருந்தகம்.
கணக்கு எழுத ஆள் வேண்டும்.
பம்பு மாட்ட ஆள் வேண்டும்.
இரண்டு வருடம்.
பிறகு குரலைத் தாழ்த்தி ஒரே சொல்: "கரா."

போ.

அங்கேதான் என் நாக்கு நின்றது.
தமிழில் அந்தச் சொல்
நாயை விரட்ட ஆகும், ஊடலுக்கு ஆகும்,
வழியனுப்ப ஆகாது.
மைக்கில் சொன்னேன்: "போய்ட்டு வாங்க."
வெல்டர் விழித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

அம்மா அப்பா இரண்டு மொழியிலும் ஒன்று என்று
வியந்தது போதும்.
எனக்குப் பிடித்த ஒற்றுமை வேறு.
காலையில் வீட்டைவிட்டு இறங்கும்போது
நீங்களும் போகிறேன் என்பதில்லை,
போய் வருகிறேன் என்கிறீர்கள்.

யாரும் கை தூக்கவில்லை.
மைக்கை அணைத்துவிட்டேன்.
இனி வருவது என் சொந்த வாக்கியம்.

தெரியும், ஒருமுறை கடல் தாண்டியாயிற்று.
ஒப்பந்தம் மார்ச் வரை. மகளுக்கு அடுத்த வருடம் கல்லூரி.
"நாங்கள் ஊழியக்காரர்களா? உதிரிபாகம் செய்கிறவர்கள்."
இருக்கட்டும்.
லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று
வாட்ச்மேனிடம் கேட்கத் தெரிந்தவர்கள் நீங்கள்.
கரண்ட் போனால் சிரிக்கப் பழகியவர்கள்.
பதினோரு வருடம் தப்புத்தப்பாகப் பேசியதில்
வெட்கம் விட்டுப்போயிற்று.
எந்த இறையியல் கல்லூரியும் கற்றுத்தராத பாடம் அது.

வெள்ளம் வந்த டிசம்பரில்
மளிகைக்கடை பே சூன்-ஓக் அம்மாள்
அமைந்தகரைப் பள்ளிக்கூட முகாமுக்கு
கடற்பாசியில் சுருட்டிய சோறு கொண்டுவந்தார்.
"கார்பன் பேப்பரை யார் தின்பார்கள்?" என்றாள் ஒருத்தி.
அதை மொழிபெயர்க்கவா வேண்டாமா என்று நான் தவிக்க,
அம்மாள் ஒரு தாளை உரித்து
அவள் விரலில் சுற்றிக் காட்டிச் சிரித்தார்.
அன்று ஒரு வசனமும் சொல்லவில்லை.
மறுநாள் அதே பெண் பாத்திரத்தோடு
வரிசையில் முதலில் நின்றாள்.

இந்தக் கோயில் சுவரில் ஒரு பளிங்குக் கல்.
தூரதேசத்துப் பெயர், வயது இருபத்தாறு, காலரா.
எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தாராம்.
எங்களிடம் எழுத்து இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.
இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை
அந்தக் கல்லைத் துடைப்பது நாங்கள்தான்.

ஆகவே போனால்,
கொடுக்கிறவர்களாகப் போகாதீர்கள்.
இங்கே வந்திறங்கிய முதல் வாரத்தைப் போலப் போங்கள்,
அண்ணாச்சி கடை முன்னால்
உப்புக்குச் சொல் தெரியாமல்
நாக்கைத் தொட்டுக் காட்டிக்கொண்டு.

மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது.
ஃபேனை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து
ரூபாவதி சுவிட்சை அமர்த்தினாள்.
கை இறங்கவில்லை.
சூன்-ஓக் அம்மாள். ஐம்பத்திரண்டு வயது.
கணக்கு எழுதுவார், கடன் நோட்டு உட்பட.

வெளியே செருப்பு மாட்டும்போது என்னிடம் கேட்டார்,
தமிழில்,
"அங்கே உப்புக்கு என்ன சொல்லுவான்?"
தெரியாதம்மா என்றேன்.
"நல்லது" என்றார்.